எஸ்.: பக்க ஓரங்களில் நிகழும் நாவல்

திரைப்பட இயக்குநர் ஜே. ஜே. ஏப்ரம்ஸின் எண்ணத்தில் உருவாகி, டக் டோர்ஸ்ட் எழுதி, 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘எஸ்.’ நாவலை அதன் கறுப்பு உறைப்பெட்டியிலிருந்து உருவி எடுத்தால், கையில் வருவது வேறொரு நூல். வி. எம். ஸ்ட்ராக்கா என்னும் கற்பனை எழுத்தாளர் 1949இல் வெளியிட்டதாகச் சொல்லப்படும் ‘ஷிப் ஆஃப் தீசியஸ்’ அது. முதுகில் நூலக எண் ஒட்டி, பின்புறத்தில் இரவல் திகதிகள் முத்திரையிட்டு, ஒரு பாடசாலை நூலகத்துக்குத் திரும்பாமற்போன பழைய பிரதியாகவே அதை அமைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிரதியை மாறி மாறி எடுத்து வாசிக்கும் ஜென் என்ற பல்கலைக்கழக மாணவியும், அங்கிருந்து வெளியேற்றப்பட்ட எரிக் என்ற ஆய்வாளரும் பக்க ஓரங்களில் எழுதிக்கொள்ளும் குறிப்புகளே உண்மையான கதை. ஸ்ட்ராக்கா யார் என்ற தேடலில் தொடங்கும் இக்குறிப்புகளின் காலவரிசையை எழுத்தின் நிறம் சொல்கிறது. எரிக் இளவயதில் இட்ட பென்சில் குறிப்புகள் முதலாவது. அடுத்து ஜென்னின் நீலமும் எரிக்கின் கறுப்பும். பின்னர் செம்மஞ்சளும் பச்சையும். அதன்பின் ஊதாவும் சிவப்பும். கடைசியில் இருவருக்கும் கறுப்பு. ஆகவே, முன்பின் அறியாத இருவரின் எச்சரிக்கையான கேள்விக்கு அருகிலேயே, அதே இருவர் வெகுகாலம் கழித்து நெருக்கத்தோடு எழுதிய வரியும் ஒரே பக்கத்தில் நிற்கிறது. நேராகச் சொல்லப்படும் எந்தக் காதல் கதையும் இந்த அனுபவத்தைத் தர இயலாது என்றே நம்புகிறேன்.

தாள்களுக்கிடையே கடிதங்களும் தபாலட்டைகளும் ஒளிப்படமும் பத்திரிகை நறுக்கும், கோப்பிக் கடையின் கைதுடைக்கும் தாளில் வரைந்த வரைபடமும் செருகப்பட்டுள்ளன. பொருள்களை வைத்துக் கதை சொல்வது புதிதல்ல. ஆங்கில எழுத்தாளர் டென்னிஸ் வீட்லியின் ‘மர்டர் ஆஃப் மயாமி’ என்ற துப்பறியும் நூல் 1936இலேயே தலைமயிரையும் தீக்குச்சியையும் கோப்பில் வைத்து வெளிவந்தது. அங்கே அவை குற்றத்தின் தடயங்கள். இங்கே ஓர் உறவின் மிச்சங்கள். கடல்கடந்த உறவினரின் வான்கடிதங்களைத் தகரப்பெட்டியில் காத்துவைத்திருக்கும் மட்டக்களப்பு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, தாளின் மடிப்பும் கையெழுத்தின் அவசரமும் எவ்வளவு பேசும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உள்ளிருக்கும் ஸ்ட்ராக்காவின் நாவலோ, வேண்டுமென்றே பழைய நடையில் எழுதப்பட்டிருப்பதால், இடையிடையே அயர்ச்சி தருகிறது. அடிக்குறிப்புகளில் மறைந்துள்ள சங்கேதங்களை விடுவிக்க நல்ல ஆங்கிலப் பயிற்சியும் வேண்டும். விடுவிக்காமல் விட்டாலும் ஜென், எரிக் கதைக்குப் பெரிய குறையில்லை. ஓர் அத்தியாயத்தின் மூலப் பகுதியை முதலில் முடித்துவிட்டு, அதன்பின் ஓரங்களுக்குத் திரும்புவது குழப்பத்தைக் குறைக்கும்.

செருகல்கள் எவையும் ஒட்டப்படவில்லை. எந்தப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் கதையின் பகுதியாதலால், முதலிலேயே பென்சிலால் பக்க எண்களைக் குறித்துக்கொள்வது நல்லது. கல்லடிக் கடற்கரைக் காற்றில் விரித்து வாசிக்கத்தக்க நூல் இதுவல்ல. மார்கழி மழைக்கால ஈரத்தில் மெல்லிய தாள்கள் நெளிந்துவிடும் என்பதால், உறைப்பெட்டியோடு அலுமாரியில் வைக்க வேண்டும். பழைய பிரதி வாங்குவோர், வரைபடத் தாளும் பின்னட்டையோடு வரும் சங்கேதச் சக்கரமும் உள்ளனவா என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.