மழைக்கோட்டு யானை குரோஷே கிட்: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

மஞ்சள் மழைக்கோட்டு, கையில் குடை, காலில் குட்டி பூட்ஸ் போட்ட, நூலில் பின்னிய சாம்பல் நிற யானைக் குட்டிப் பொம்மை. இந்தப் படம் உங்கள் கைப்பேசியிலும் வந்திருக்கலாம். "முதன்முறை பின்னுகிறவர்களுக்கு ஏற்றது, தேவையான எல்லாம் பெட்டியிலேயே இருக்கு" என்று சொல்லி, அதைப் பின்னும் கிட்டை 42 சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். நான் வாங்கி மூன்று வாரம் அல்லாடிவிட்டேன்.

என் தங்கை மகளுக்கு ஒரு வயது நிறையப் போகிறது. பெரியம்மா கையால் பின்னிய பொம்மை ஒன்று அவளிடம் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இதற்கு முன் ஒரு ஸ்கார்ஃப் மட்டும் பின்னியிருக்கிறேன். விற்றவர் கொடுத்த கைப்பேசி எண்ணுக்குப் பேநவ் வழியாகப் பணம் அனுப்பினேன். நான்கு நாளில் ஈசூன் வீட்டுக்குப் பொட்டலம் வந்தது. உள்ளே சின்னச் சின்னதாக மூன்று நூல் உருண்டை, 4 மில்லிமீட்டர் ஊசி ஒன்று, கொஞ்சம் பஞ்சு, ஒரு ஜோடி பிளாஸ்டிக் கண், எப்படிப் பின்னுவது என்று வரி வரியாகச் சொல்லும் ஆறு பக்கப் பேட்டர்ன். நூலோ மெல்லிசு. பொம்மைக்கு நூல் உறையில் போட்டிருப்பதைவிடச் சின்ன ஊசியில் நெருக்கிப் பின்ன வேண்டும், இல்லையென்றால் இடுக்கு வழியாகப் பஞ்சு எட்டிப் பார்க்கும். அந்த நூலுக்கு 2.5 போதும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தலையிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தது. மேஜிக் ரிங் என்கிற தொடக்க நூல் வளையத்தில் 6 கண்ணி (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி), அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18. அதுவரை சரி. நான்காவது சுற்றில் பேட்டர்ன் 30 என்கிறது, என் கையில் 24தான் இருக்கிறது. பிரித்தேன். திரும்பப் பின்னினேன், மறுபடியும் 24. மூன்றாம் தடவை பிரித்தபோது நூல் இழை இழையாகப் பிசிறிவிட்டது. வேலை முடிந்து வந்து, சமையலை முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து செய்கிற வேலை. நமக்கு இது வராது போலிருக்கிறது என்று எல்லாவற்றையும் பைக்குள் திணித்து வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் என் கணவரின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். டிவிக்கு மேல் விரிக்கிற துணி, வாசல் தோரணம் என்று காலமெல்லாம் குரோஷே பின்னியவர். பை ஓரமாகக் கிடப்பதைப் பார்த்து எடுத்தார். ஆங்கிலப் பேட்டர்ன் அவருக்குப் படிக்க வராது.

"நாலாவது சுத்துல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லும்மா."

"ரெண்டு கண்ணி நேரா, மூணாவதுல ஒண்ணு கூட்டணும். இப்படி ஆறு தடவை. மொத்தம் முப்பதுன்னு போட்டிருக்கு அத்தை."

அத்தை விரலை மடக்கினார். "நேரா ரெண்டு, கூட்டுற இடத்துல ஒரே கண்ணிக்குள்ள ரெண்டு, ஆக நாலு. ஆறு நாலு இருபத்துநாலு. முப்பது எங்கேருந்து வரும்? உன் கை சரியாத்தான் பின்னியிருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தப் பதிவை எழுதுவதும் அதற்காகத்தான். புதிதாகப் பின்னுகிற யாராக இருந்தாலும் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார்கள். பேட்டர்ன் தப்பாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

அப்புறம் இருவரும் சேர்ந்து மிச்சத்தையும் பார்த்தோம். ஐந்தாவது சுற்றில் "நான்கு நேராக, ஒன்று கூட்டி, ஆறு தடவை" என்று இருந்தது. ஒரு தடவைக்கு ஐந்து கண்ணி பிடிக்கும், ஆக அதைப் பின்ன முந்தின சுற்றில் 30 கண்ணி வேண்டும். 24 கண்ணியை வைத்துக்கொண்டு அந்த வரியை முடிக்கவே முடியாது. மழைக்கோட்டில் கை நுழைய இடமே விடவில்லை. குடைக்கு ஒரே ஒரு வரி: பிடித்தபடி பின்னி ஒட்டிக்கொள்ளவும். குடைக்காகத்தான் நான் அந்த கிட்டை வாங்கினேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. உண்மையாகப் பின்னிய பொம்மையில் சுற்றுகள் வரிவரியாகத் தெரியும், விரல் வைத்து எண்ணலாம். இந்த யானையின் வயிற்றில் கண்ணிகள் சடை மாதிரி ஓடுகின்றன, காதருகே மீன் செதில் மாதிரி ஆகிவிடுகின்றன. உடலும் காலும் சேரும் இடத்தில் தைத்த தடமே இல்லை. குடையின் பிடி தும்பிக்கைக்குள் கரைந்து போகிறது. அது கணினி உருவாக்கிய படம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த யானையை யாரும் பின்னியதே கிடையாது.

விற்றவருக்கு எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். "உங்க டென்ஷன் லூஸ் சிஸ், வீடியோ பார்த்துப் பழகுங்க" என்று பதில் வந்தது. நான் நூலைத் தளர்வாகப் பிடிக்கிறேனாம். நூலை எவ்வளவு இறுக்கினாலும் தளர்த்தினாலும் கண்ணியின் எண்ணிக்கை மாறாது. அதைச் சொல்லிப் பணத்தைக் கேட்டேன். பிரித்த பொருளுக்குப் பணம் கிடையாது என்றார். மறுநாள் என் எண்ணை முடக்கிவிட்டார்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். சிறு கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்திலும் வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் யார் மேல் போடுவது? என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும் ஒரு புனைபெயரும்தான். பதிவுபெற்ற நிறுவனம் என்றால் யுஇஎன் என்கிற பதிவு எண் இருக்கும், அதற்கே பேநவ் செய்யலாம், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயரையும் சரிபார்க்கலாம். கைப்பேசி எண்ணுக்கு மட்டும் பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

வாங்குமுன் பேட்டர்னில் ஒரு பக்கத்தையாவது காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மொத்தக் கண்ணி போட்டிருக்கும், பெருக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தட்டையாக விரியும் வட்டத்தில் சுற்றுக்கு ஆறு ஆறாகத்தான் பொதுவாகக் கூடும்: 6, 12, 18, 24, 30. வேறு யாராவது பின்னி முடித்த படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னல்காரர்களுக்கான ராவல்ரி தளத்தில் பேட்டர்ன் பக்கத்திலேயே மற்றவர்கள் பின்னியதைப் பார்க்கலாம், இலவசப் பேட்டர்னும் நிறைய உண்டு. நூலகத்திலும் அமிகுருமி எனப்படும் பின்னல் பொம்மைகளுக்கான புத்தகங்கள் கிடைக்கின்றன. நூலும் ஊசியும் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். நான் இப்போது அப்படி வாங்கி, வேறொரு யானையைத் தொடங்கியிருக்கிறேன். தலை 36 கண்ணி வரை வந்து அழகாக உருண்டிருக்கிறது.

கடைசியாக, பணத்தைவிட முக்கியமான ஒன்று. அந்தப் பெட்டியில் வந்த கண்களுக்குப் பின்னால் மாட்டும் வாஷர் இல்லை. வாஷரை உள்ளிருந்து அழுத்திப் பூட்டினால்தான் அந்தக் கண் நிற்கும். ஒட்டிக்கொள்ளலாம் என்று பேட்டர்ன் சொல்கிறது. நான் ஒட்டிப் பார்த்தேன், நகத்தால் நெம்பியதும் கையோடு வந்துவிட்டது. ஒரு வயதுக் குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளின் பொம்மையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுசாக அடங்கும் உதிரி எதுவும் இருக்கக் கூடாது என்பது பொம்மைப் பாதுகாப்பு விதி. இந்தக் கண் 10 மில்லிமீட்டர்தான். வாஷர் உள்ள கண்ணைக்கூட இந்த வயதுக்கு வைக்க வேண்டாம், கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். இந்த கிட்டில் பின்னி ஏற்கெனவே யாருக்காவது கொடுத்திருந்தால், இன்றைக்கே கூப்பிட்டு அந்த இரண்டு கண்ணையும் பிடுங்கி எடுத்துவிடச் சொல்லுங்கள்.