ஒரே மைக்கா, ஆளுக்கொரு ட்ராக்கா? வீட்டு ஆராதனைப் பாடல்களைப் பதிவு செய்ய ஓர் ஒப்பீடு

வீட்டாரும் நண்பர்களுமாகப் பாடும் ஆராதனைப் பாடல்களைப் பதிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. எல்லோரும் ஓர் அறையில் கூடி, ஒரே மைக்கின் முன் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடிவிடுவது ஒன்று. முதலில் கீபோர்டு, அதன்மேல் கிட்டார், பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவர் குரலாகத் தனித்தனி ட்ராக்கில் பதிந்து கணினியில் சேர்ப்பது மற்றொன்று. இரண்டையும் செய்து பார்த்த பிறகு எங்கள் குழு முதல் வழியிலேயே நின்றுவிட்டது. ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தனி ட்ராக்கின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை. ஒருவர் பிசகினால் அவருடைய வரியை மட்டும் மறுபடி எடுக்கலாம். ஒரு குரலைக் கூட்டலாம், இன்னொன்றைக் குறைக்கலாம், சுருதியையும் ஓரளவு திருத்தலாம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். கேட்பதற்குச் சுத்தமாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

நான் போடும் கணக்கு வேறு. பாடி முடித்த பிறகு மிஞ்சும் வேலை யார் தலையில் விழுகிறது? ஆறு பேர் பாடும் ஒரு பாட்டுக்கு ஆளுக்கு இரண்டு டேக், அதாவது இரண்டு முறை பாடிப் பதிவது, என்றாலே பன்னிரண்டு குரல் ட்ராக்குகள், வாத்தியங்கள் தனி. எந்தச் சரணம் எந்த டேக்கில் தேறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இடையில் வரும் இருமலையும் காகிதச் சலசலப்பையும் வெட்ட வேண்டும். 'ஸ்தோத்திரம்' என்ற சொல் வந்துவிட்டாலோ சோதனைதான். ஆறு 'ஸ்' ஆறு இடத்தில் சீறும். ஒவ்வொன்றையும் இழுத்து நேராக்கி வைத்தால் அடுத்த பல்லவியில் அதே சொல் மறுபடி வந்து நிற்கும். சேர்ந்து பாடும்போது இந்தத் தொல்லை பெருமளவு இருப்பதில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பாடுகிறோம், எழுத்துகள் தாமாகவே ஒன்றாக விழுகின்றன.

இத்தனை வேலையும் கணினி தெரிந்த ஒருவருக்கே போகும். மற்றவர்கள் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர் இரவில் தனியே உட்கார்ந்திருப்பார். சில மாதங்களில் அவருக்குப் பாடும் ஆசையே வற்றிவிடும். கிறிஸ்துமஸுக்கென்று தொடங்கிய பாட்டு தவக்காலம் வந்தும் முடியாமல் கிடக்கும். வீட்டுக் குழுக்கள் பாதியில் கைவிடும் பாடல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கிடப்பில் போகின்றன என்பது என் எண்ணம்.

சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோம் இன்னொரு தலைவலி. தனி ட்ராக்குகள் பொருந்த வேண்டுமானால் எல்லோரும் அதன் தட்டுக்கே பாட வேண்டும். கடைசிச் சரணத்தில் வேகம் இயல்பாகத் தணியும், பல்லவியின் கடைசிச் சொல்லில் அத்தை சற்று நின்று மூச்சு வாங்குவார். மெட்ரோனோம் யாருக்காகவும் காத்திருக்காது. போதாததற்கு, கூட்டத்தில் கணீரென்று பாடுபவர்கூட ஹெட்ஃபோனில் தன் குரலைத் தனியாகக் கேட்டதும் கூசிக் குரலைச் சுருக்கிக்கொள்வார். ஒரு காதை விடுவித்துக்கொண்டு பாடச் சொன்னால் சற்றுத் தேறும்.

ஒரே மைக் வழியில் வேலை இல்லாமலில்லை. ஆனால் அது பாடுவதற்கு முன்பே முடிந்துவிடும், அதிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. இங்கே மிக்ஸிங், அதாவது குரல்களின் அளவைச் சமன்செய்வது, என்பது ஆட்களை நகர்த்துவதுதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் இரண்டடி வித்தியாசம் காதுக்கு நன்றாகவே தெரியும். மைக்கின் முன் அரைவட்டமாக நில்லுங்கள். பிள்ளைகளும் மெல்லிய குரல்காரர்களும் அருகில், சித்தப்பாவைப் போன்ற வெண்கலக் குரல்கள் பின்வரிசையில். தம்புரினை எல்லோருக்கும் பின்னால் அனுப்பிவிடுங்கள். அதன் சலங்கை மைக்குக்குப் பக்கத்தில் ஒலித்தால் பாட்டில் வேறெதுவும் கேட்காது. அரை நிமிடம் பதிந்து, கேட்டு, ஆட்களை மாற்றி, மறுபடி பதியுங்கள்.

சோதனைக்கு முதல் வரியைப் பாடாதீர்கள். எல்லோரும் உச்சத்தில் பாடும் கடைசிப் பல்லவியைப் பாடுங்கள். அந்த இடத்தில் பதிவுத் திரையில் தெரியும் ஒலி அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு. செல்போனில் பதிகிறவர்கள் ஒலியளவைக் கையால் அமைக்கவும், இரைச்சல் நீக்கத்தை அணைக்கவும் இடந்தரும் செயலியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் போன் தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும்: மெல்லிய தொடக்கம் பெரிதாகும், எல்லோரும் சேரும் இடம் அமுங்கிப்போகும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வெறும் சுவர்கள் எதிரொலித்தால் ஒரு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஒருவர் தவறினால் முழுப்பாட்டும் வீண் என்பார்கள். முழுக்க அப்படியில்லை. ஒரே வேகத்தில் இரண்டு டேக் எடுத்து, ஒன்றின் முதல் பாதியையும் மற்றொன்றின் பின்பாதியையும் சரணங்களுக்கு இடையே வரும் கீபோர்டு இசையில் ஒட்டிவிடலாம். ஒரு பாட்டுக்கு ஓர் ஒட்டு. வேலை அன்றைக்கே முடிந்துவிடும்.

பாடுகிறவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் என் கட்சி தோற்றுவிடும். வீடியோ அழைப்பில் சேர்ந்து பாடவே முடியாது; குரல் போய்ச்சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானாலும் ஒருவர் மற்றவருக்காகக் காத்துக் காத்துத் தாளம் இழுபடும். அங்கே தனி ட்ராக்தான் வழி. கீபோர்டுப் பதிவை அனுப்பி, அதைக் கேட்டபடி ஒவ்வொருவரும் பாடி அனுப்ப வேண்டும். அந்தக் கீபோர்டுப் பதிவின் தொடக்கத்தில் நான்கு தட்டு வைத்து, நான்காவது தட்டோடு எல்லோரும் கைதட்டிவிட்டுத் தொடங்கினால் கணினியில் பொருத்துவது எளிது. கடையில் கிடைக்கும் கரோக்கி ட்ராக் மூன்றாவது வழி. அதன் ஸ்கேல் நம் வீட்டாருக்கு எட்டாது, வெளியிட உரிமை பெற வேண்டும். எனக்கு அதில் நாட்டமில்லை.

டிரம்ஸ் உள்ள குழுக்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. அந்தச் சத்தத்துக்கு ஒரே மைக் தாங்காது என்றே தோன்றுகிறது. தபலா, டோலக் வரை பயமில்லை. ஒரே ஒருவர் தனித்துப் பாட வேண்டிய அனுபல்லவியோ வயலினோ இருந்தால் மட்டும் நாங்கள் கொஞ்சம் வளைந்துகொடுக்கிறோம். குழுப் பாட்டை முழுதாகப் பதிந்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் பிறகு மேலே ஏற்றுகிறோம். ஒரு ட்ராக்தானே, அதற்காக யாரும் இரவில் கண்விழிக்க வேண்டியதில்லை.