கண்ணா, விரலா, கேள்வியா: வாசிப்பை எதால் அளப்பது?

‘அம்மா மாம்பழம் விற்ற பாட்டியிடம் பேரம் பேசினாள்.’ சேலம் கடைவீதியில் சீசனுக்குச் சீசன் நடப்பதுதான். ஆனால் ‘விற்ற’ வரை படித்தவர், விற்றது அம்மா என்றே எடுத்துக்கொண்டிருக்கலாம். ‘பாட்டியிடம்’ வந்ததும் கணக்கை மாற்றியாக வேண்டும். மனதுக்குள் நடக்கும் இந்தத் தடுமாற்றத்தைப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு. சேலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவருக்கும் ஏற்காட்டில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் எது ஒத்துவரும்?

நுட்பத்தில் கண்ணசைவுக் கருவியை அடிக்க ஆளில்லை. கண்ணில் அகச்சிவப்பு ஒளியை விழவைத்து, கருமணி திரும்புவதை வினாடிக்கு 1000 முறைகூடப் பதிவு செய்யும். கண் வரிமேல் சீராக ஓடுவதில்லை, நிற்கிறது, தாவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பாரிசில் கண் மருத்துவர் எமில் ஜாவாலின் ஆய்வுக்கூடத்தில் இதைக் கவனித்துவிட்டார்கள். ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியாக 200 முதல் 250 மில்லி வினாடி. ஆங்கிலத்தில் நன்றாகப் படிப்பவர்களுக்கே 10 முதல் 15 சதவீதத் தாவல்கள் பின்னோக்கிப் போகின்றன. குழப்பும் வாக்கியங்களில், உண்மை வெளிப்படும் சொல்லில் கண் தயங்குவதை 1982இல் வாசிப்பை ஆராய்ந்த லின் ஃபிரேசியரும் கீத் ரெய்னரும் காட்டினார்கள். நம் வாக்கியத்திலும் கண் ‘பாட்டியிடம்’ என்பதிலேயே நிற்குமா, ‘அம்மா’வுக்கு ஓடுமா என்று இந்தக் கருவியால் மட்டுமே பார்க்க முடியும்.

விலைதான் உதைக்கிறது, ஆய்வுத்தரக் கருவி பல லட்சம். ஜன்னல் வெயில் பட்டால் பதிவு கெடும். தாவலுக்கு 7 முதல் 9 எழுத்து என்ற ஆங்கிலக் கணக்கை, ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று நீளும் தமிழில் அப்படியே போட்டுவிடவும் கூடாது. மடிக்கணினி கேமராவில் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வினாடிக்கு 30 படம் என்றால் ஒரு நிறுத்தத்துக்கு ஆறேழு படம்தான் கிடைக்கும். எந்தப் பத்தி என்று சொல்லலாம், எந்தச் சொல் என்று நம்பிச் சொல்ல முடியாது.

விரல் முறை எளிது. பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொரு சொல்லாகத் திரையில் வரும். இடைப்பட்ட நேரமே அளவு. சைக்கோபை என்ற இலவச மென்பொருளும் ஒரு மடிக்கணினியும் போதும், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பள்ளிக்கே எடுத்துப் போகலாம். வழக்கமான அமைப்பில் திரும்பிப் படிக்க வழியில்லை, இயல்பைவிட வேகமும் குறையும். தடுமாற்றம் பல சமயம் அடுத்த சொல்லில்தான் தெரியும். அதனால் ‘பேரம்’ என்ற சொல்லின் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி மிகப் பழைய முறை. எங்கே தடுமாறினார் என்று அது காட்டாது. ஆனால் என்ன புரிந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. மனம் எங்கோ மேய்ந்தாலும் கண் வரி தவறாமல் ஓடும். “மாம்பழம் விற்றது யார்?” என்று கேட்டால் தெரிந்துவிடும்.

ஆசிரியருக்கு, பிள்ளையை வாய்விட்டுப் படிக்கவைத்துக் கேள்வி கேட்பதே போதும் என்பேன். மாணவர் விரலையும் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளட்டும். பின்னோக்கிப் போகும் கண்தான் ஆய்வுக்கே பொருள் என்றால் மட்டும், கருவி வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு விண்ணப்பம் எழுதலாம்.