திருகோணமலையில் யூகலேலே வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புகிறீர்களா? முதலில் இதை வாசியுங்கள்

என் மகளுக்கு 11 வயது. ஒரு நாள் இரவு படுக்கப் போகும்போது இடது கையை விரித்துக் காட்டி, "அம்மா, என்ட விரல் கட்டையாம். எனக்கு இது வராதாம்" என்றாள். அப்படிச் சொன்னவர் அவளுக்கு யூகலேலே, அதாவது கிற்றார் போன்ற நாலு கம்பிச் சிறு வாத்தியம், படிப்பித்தவர். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். காசும் போனது, அதையும் சொல்கிறேன். ஆனால் காசு மட்டும் போயிருந்தால் நான் பேசாமல் விட்டிருப்பேன்.

ஆளின் பெயரோ இடமோ இங்கே எழுதப்போவதில்லை. என்ன நடந்தது, எதைப் பார்த்து நாங்கள் முன்கூட்டியே பிடித்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றி வந்தது. 12 சனிக்கிழமை வகுப்பு, முடிவில் பத்துப் பாட்டு வாசிக்கலாம், முழுக் கட்டணமும் முன்பணமாக 18,000 ரூபா. டவுனில் ஒரு மாடி மண்டபம். போய்க் கேட்டபோது கருவியும் அவரிடமே வாங்க வேண்டும் என்றார். வெளியில் வாங்கினால் சுருதி நிற்காதாம். அதற்கு 16,500. பற்றுச்சீட்டு கேட்டேன். "வட்ஸ்அப்பில் போட்டு விடுறன் அக்கா" என்றார். வந்தது ஒரு கட்டைவிரல் படம் மட்டும்தான்.

வகுப்பில் 14 பிள்ளைகள், பெரியவர்கள் ஐந்து பேர். ஒரே கருவியை மாறி மாறி வைத்துப் படிக்கலாம் என்று நானும் கூடவே நின்றேன். நின்றேன் என்று சொல்வது உண்மையாகவே நின்றதைத்தான். பாதிப் பேருக்குக் கதிரை இல்லை. அவர் வெண்பலகையில் ஒரு கோட் (கம்பிகளைச் சேர்த்து மீட்ட விரல்களை வைக்கும் வடிவம்; ஜி, சி என்று பெயர் சொல்வார்கள்) வரைவார், தன் கிற்றாரில் வாசிப்பார், பிள்ளைகள் அதைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். யாருடைய கருவியிலும் சத்தம் தெளிவாக வராது. ஒரே இரைச்சல். அதற்கு அவரிடம் இருந்த மருந்து ஒன்றுதான்: "இன்னும் அழுத்துங்கோ."

மகள் அழுத்தினாள். நாலாவது கிழமை விரல் நுனிகளில் சிவப்புத் தடம். அது பரவாயில்லை, நைலோன் கம்பிக்கு முதல் கொஞ்ச நாள் நுனி நோவது எல்லோருக்கும் உள்ளதுதான். அப்புறம் கட்டைவிரலின் அடி நோகத் தொடங்கியது. பிறகு மணிக்கட்டு. காலையில் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தூக்க மாட்டாள். அவரிடம் சொன்னபோது, "நோகாமல் வாத்தியம் வருமா அக்கா? பிள்ளைக்கு விரல் கொஞ்சம் கட்டை, அதுதான்" என்றார். அதைப் பிள்ளையின் முன்னாலேயே சொன்னார். ஆறாவது வகுப்போடு அவள் போக மாட்டேன் என்றுவிட்டாள்.

மட்டக்களப்பில் இருக்கும் என் அண்ணனின் மகள் பாடசாலை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் யூகலேலே வாசிப்பவள். பின்னேரம் டச் பே கடற்கரைக்குப் போய் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசிக்கப் பார்த்தார்கள். "மச்சாள், சி பிடி" என்றாள் அவள். மகள் பிடித்தது வேறு ஒரு வடிவம். மச்சாள் பிடித்துக் காட்டியதும், "இது சி இல்லை, ஜி. சேர் ஜி எண்டுதான் சொல்லித் தந்தவர்" என்றாள் மகள். மகளும் அதையே பிடித்தாள், இரண்டு பேருடைய விரலும் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஒன்றாக மீட்டியபோது காதைப் பொத்திக்கொண்டேன். அண்ணனின் மகள் எங்கள் கருவியை வாங்கிக் கம்பிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமி, இது எல்லாம் தொய்ஞ்சு கிடக்கு" என்றாள்.

யூகலேலேயின் நாலு கம்பிகளுக்கும் வழக்கமான சுருதி ஜி, சி, ஈ, ஏ. போனில் சுருதி பார்க்கும் டியூனர் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தால் எங்களுடையது டி, ஜி, பி, ஈ என்று காட்டியது. அதாவது கிற்றாரின் கடைசி நாலு கம்பிகளின் சுருதி. அவர் கிற்றார் வாசிப்பவர்; யூகலேலே கோட்ஸ் அவருக்குத் தெரியாது. தெரியாததைப் படிக்காமல், எல்லாருடைய கருவியையும் தனக்குத் தெரிந்த சுருதிக்கு இறக்கி, கிற்றார் பெயர்களையே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

டி, ஜி, பி, ஈ என்பது பிழையான சுருதி என்று யாரும் நினைக்க வேண்டாம். பாரிட்டோன் என்ற பெரிய யூகலேலேக்கு அதுதான் சுருதி. ஆனால் அதற்கு நீளமும் கூட, கம்பியும் தடிப்பு. எங்களிடம் அவர் விற்றது சொப்ரானோ, இருப்பதில் ஆகச் சிறியது. கம்பி ஒலிக்கும் நீளம் சுமார் 13 அங்குலம். அந்தக் குட்டிக் கருவியின் மெல்லிய கம்பியை இவ்வளவு கீழே இறக்கினால் அது தொய்ந்துபோய் பிரெட்டில் அடித்து இரையத்தான் செய்யும். கருவியின் கழுத்தில், அதாவது விரல் வைக்கும் நீண்ட பகுதியில், குறுக்காகப் பதித்திருக்கும் உலோகப் பட்டிகளைத்தான் பிரெட் என்கிறார்கள். இரைச்சல் கம்பியில் இருந்தது. அவர் குற்றத்தைப் பிள்ளையின் விரலில் போட்டார். அழுத்த அழுத்தத் தொய்ந்த கம்பி இழுபட்டு சுருதி இன்னும் விலகும், பிள்ளை இன்னும் அழுத்தும். என் மகள் ஆறு கிழமை அதைத்தான் செய்தாள்.

இது போதாதென்று கருவியும் சரியில்லை. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்து வரும் சின்னத் துண்டை நட் என்பார்கள். அதில் கம்பிக்கு வெட்டிய பள்ளம் ஆழம் போதாவிட்டால், முதல் பிரெட்டில் கம்பியை அமத்த இரட்டிப்புப் பலம் வேண்டும். நீங்களே பார்க்கலாம்: இரண்டாம், மூன்றாம் பிரெட்டுக்கு நடுவில் கம்பியை அமத்திப் பிடித்துக்கொண்டு, முதல் பிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் எவ்வளவு வெளி இருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய தாள் ஒன்று போகும் அளவுதான் இருக்க வேண்டும். எங்களுடையதில் வங்கி அட்டை நுழைந்தது. கிற்றார் திருத்தும் ஒருவர் 1,500 ரூபாவுக்கு அந்தப் பள்ளங்களை அராவித் தந்தார். அரை மணித்தியால வேலை. வாங்கிய நாளிலேயே செய்திருக்கலாம்.

இப்போது கை விசயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் 18,000 வாங்கியவர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அண்ணனின் மகள் காட்டித் தந்ததையும் நாங்கள் செய்து பார்த்ததையும்தான் சொல்கிறேன்.

முதல் விசயம், இடது கை கருவியைத் தூக்கக் கூடாது. யூகலேலேக்குப் பெரும்பாலும் தோளில் மாட்டும் பட்டி இருக்காது. பட்டி இல்லாமல் பிள்ளையை நிற்கவைத்தால் கழுத்தின் பாரம் முழுக்க இடது கையில் விழும். கருவி விழுந்துவிடும் என்ற பயத்திலேயே கை இறுகிப் பிடிக்கும். பிடிக்கிற கையால் கோட் மாற்ற முடியாது. இருந்து வாசிக்கச் சொல்லுங்கள். வலது முன்கை கருவியின் உடலை நெஞ்சோடு மெல்ல அணைத்திருந்தால் போதும், இடது கையை எடுத்தாலும் கருவி நிற்கும். அப்படி நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத் தொடங்குவது எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது.

அடுத்தது கட்டைவிரல். அது கழுத்தின் பின்பக்கம், சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நேரே, சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மகளின் கட்டைவிரல் மேலே ஏறி, உள்ளங்கை கழுத்தை முழுதாகக் கவ்வியிருந்தது. அப்படி இருந்தால் மற்ற விரல்கள் படுத்துவிடும், பக்கத்துக் கம்பியை மறைக்கும். உள்ளங்கைக்கும் கழுத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெளி விட்டு, விரல் மூட்டுகளை வளைத்து, நுனியால் தொட வேண்டும். மணிக்கட்டு உள்ளே மடங்காமல் நேராக இருந்தால் நோவும் குறையும். நகத்தை வெட்ட மறந்தால் இது எதுவும் நடக்காது.

விரலை எங்கே வைப்பது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இரண்டு பிரெட்டுக்கு நடுவில் வைத்தால் நிறைய அழுத்த வேண்டும். பிரெட்டுக்கு மேலேயே வைத்தால் சத்தம் செத்துப்போகும். அதற்குச் சற்றுப் பின்னால், தலைப்பக்கமாக ஒட்டினாற்போல் வைத்தால், பூவைத் தொடுகிற பலம் போதும். எவ்வளவு பலம் தேவை என்று அறிய ஒரு வழி: விரலை வைத்து அழுத்தாமல் கம்பியைத் தட்டுங்கள், சத்தம் வராது. கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே தட்டுங்கள். தெளிவாக வந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலே எதுவும் தேவையில்லை. மகள் இதைச் செய்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

எந்த விரலால் எந்தக் கம்பியைப் பிடிப்பது என்பதையும் அவர் கண்டபடி விட்டிருந்தார். ஏ மைனருக்கு நடுவிரலை ஜி கம்பியின் இரண்டாம் பிரெட்டில் வைத்தால், எஃப் கோட்டுக்கு அதை எடுக்கவே தேவையில்லை. சுட்டுவிரலை ஈ கம்பியின் முதல் பிரெட்டில் இறக்கினால் சரி. இவர் முதலாவதைச் சுட்டுவிரலால் பிடிக்கச் சொல்லியிருந்தார், அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையைக் கழற்றிப் பூட்ட வேண்டியிருந்தது. வலது கைக்கும் கிற்றாருக்குரிய தடித்த பிக் (கம்பியை மீட்டப் பிடிக்கும் சின்னத் துண்டு) கொடுத்திருந்தார். சுட்டுவிரல் நகமே போதும், கழுத்து உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், மணிக்கட்டைத் தளர்த்தி மீட்டினால் சத்தம் இனிமையாக இருக்கிறது.

காசைத் திருப்பிக் கேட்டேன். மிச்ச ஆறு வகுப்புக்கான 9,000 ரூபாவையாவது தாருங்கள் என்றேன். "யூகலேலே எண்டால் சின்னக் கிற்றார்தானே அக்கா, என்ன பெரிய வித்தியாசம்" என்றார். வித்தியாசம் இருக்கிறது. 1879ஆம் ஆண்டு மதேய்ராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் கப்பலேறியவர்கள் கொண்டுபோன சிறு வாத்தியத்திலிருந்து பிறந்தது இது. மேலே இருக்கும் ஜி கம்பி, பக்கத்துச் சி கம்பியைவிடச் சுருதி கூடியது. கிற்றாரில் அப்படி இல்லை. இதைச் சொன்ன பிறகு என்னை வகுப்பின் வட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் என்னிடம் காட்டுவதற்கு ஒரு கட்டைவிரல் படம்தான் இருக்கிறது. தயவுசெய்து பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னே கேட்டால், ஒரு வகுப்பு பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். படிப்பிப்பவரை யூகலேலேயிலேயே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்களில் யாருமே அதைக் கேட்கவில்லை.

அதே வகுப்பில் இருந்த மற்றப் பெற்றோர் யாராவது இதை வாசித்தால், பிள்ளையிடம் கருவியைப் போட்டுவிடச் சொல்லாதீர்கள். இன்றைக்கே டியூனர் செயலியில் யூகலேலே என்று தெரிவுசெய்து, கம்பிகளை மெதுவாக ஜி, சி, ஈ, ஏ வரை ஏற்றுங்கள். நைலோன் இழுபடும் என்பதால் முதல் சில நாள் அடிக்கடி இறங்கும், திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே இருங்கள். பிள்ளைகள் படித்த விரல் வடிவங்கள் வீணாகவில்லை, பெயர்தான் மாறுகிறது: அவர் ஜி என்றது சி, ஈ மைனர் என்றது ஏ மைனர், சி என்றது எஃப், டி என்றது ஜி. என் மகள் இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.