மான் வேட்டைக்கு ஒளிரும் ஸ்கோப் தேவையா?

ஒளிரும் ஸ்கோப் என்பது குறுக்குக்கோடு எரியும்படி சின்ன விளக்கு வைத்த, ரைபிளில் குறிபார்க்கும் தொலைநோக்கி. என் ரைபிளில் இருக்கும் ஸ்கோப்பின் விளக்கு பெரும்பாலும் அணைந்தேதான் கிடக்கிறது. ஆனாலும் அதைக் கழற்றி விற்க எனக்கு மனம் இல்லை. உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இது தண்டச் செலவா என்று கேட்கிறார்கள். நீங்கள் எந்த வெளிச்சத்தில் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். விளக்கைப் போட்டால் மான் பளிச்சென்று தெரியாது. குறுக்குக்கோட்டின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும், அவ்வளவுதான். படத்தின் வெளிச்சம் லென்ஸின் தரத்தையும் அளவையும் சேர்ந்தது. என்னுடையது 2.5-10x50, அதாவது 2.5 முதல் 10 மடங்கு வரை பெரிதாக்கும், முன்லென்ஸ் 50 மி.மீ. அகலம். 50 மி.மீ. முன்லென்ஸை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 10 மடங்கில் 5 மி.மீ., 7 மடங்கில் 7 மி.மீ. சொச்சம். இருட்டில் கண்மணி விரிவதே இளம் வயதில் சுமார் 7 மி.மீ.தான், வயது ஏற ஏற அதுவும் குறையும். அதனால் அந்தியில் படம் மங்கினால் என் கை முதலில் போவது உருப்பெருக்கத்தைக் குறைக்கத்தான், விளக்குக்கு அல்ல.

அப்புறம் விளக்கு எதற்கு? மான் மேய்ச்சலுக்கு அதிகமாக வெளியே வருவது விடியற்கருக்கலிலும் அந்தியிலும். மர நிழலில் பழுப்பு உடல், பின்னால் இருண்ட புதர். மான் தெரிகிறது, தோள் தெரிகிறது, அதன்மேல் வைத்த மெல்லிய கறுப்புக் கோடு மட்டும் எங்கே போனதென்றே தெரிவதில்லை. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் கூடுதல் காசு. வெட்டவெளியில், நல்ல பகலில் மட்டும் சுடுகிறவருக்கு அது வீண்.

வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது புள்ளி எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதை. நான் பார்ப்பது எவ்வளவு மங்கலாக இறங்குகிறது என்பதை. என் நண்பரின் மலிவு ஸ்கோப்பில் குறுக்குக்கோடு முழுக்க எரியும். ஆகக் குறைந்த அளவில் வைத்தாலும் அந்தியில் குழாய்க்குள் சிவப்புப் புகை கட்டியது போல இருக்கும். கண்மணி சுருங்கிவிடும், இருட்டில் நின்ற மான் காணாமல் போய்விடும். அதற்கு விளக்கே இல்லாத ஸ்கோப் எவ்வளவோ மேல். என்னுடையதில் நடுப்புள்ளி மட்டும்தான் எரிகிறது, 100 மீட்டரில் அது மறைப்பது சுமார் 3 செ.மீ. முதல் இரண்டு வெளிச்ச அளவுகளைத் தாண்டி நான் அந்தியில் போனதே இல்லை. கடையில் விளக்கு வெளிச்சத்தில் இது எதுவும் புரியாது. முடிந்தால் பொழுது சாயும் நேரத்தில் வெளியே எடுத்து வந்து, ஒரு மரத்தடி இருட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேட்டரி சிஆர்2032, வட்டமான சின்ன வில்லை. குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒன்றை உள்சட்டைப் பையில் உடல் சூட்டிலேயே வைத்திருப்பேன். விளக்கைக் கூட்டிக் குறைக்கும் திருகில் ஒவ்வோர் அளவுக்கும் நடுவே அணைக்கும் நிலை இருப்பது எனக்குப் பிடித்த வசதி. ஒரே ஒரு சொடுக்கில் நான் விட்ட அளவுக்கே திரும்பலாம். கோடு கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டது என்பதால் பேட்டரி செத்தாலும் குறி இருக்கும். அதுவும் இது 4ஏ வகை. இடம், வலம், கீழ் என மூன்று பக்கமும் தடித்த கம்பிகள், அரை இருட்டில் அவற்றுக்கு நடுவே மானின் தோளை அடக்கிவிடலாம். இந்தக் கம்பிகள் இருப்பதால்தான் விளக்கு இவ்வளவு அபூர்வமாகத் தேவைப்படுகிறது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் உதிக்க அரை மணி முன்னிருந்து மறைந்து அரை மணி வரை என்று பல இடங்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு. சிவப்புப் புள்ளி தெரிகிறது என்பதற்காக அதைத் தாண்டிச் சுட முடியாது. மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் புள்ளி காட்டாது.

கையில் உள்ள காசுக்கு நல்ல கண்ணாடியா, விளக்கா என்ற நிலை வந்தால், விளக்கில்லாத நல்ல கண்ணாடியும் தடித்த கம்பியும் வாங்குங்கள். இரண்டுக்கும் காசு இருந்தால், சரி, விளக்கையும் சேர்த்தே எடுங்கள்.