மனுவில் கையெழுத்துப் போட்டபின் என்ன நடக்கிறது: ஓர் உரிமை அமைப்பின் இணையதளம்

கடைத் தளம் ஒன்றிலிருந்து உங்கள் மின்னஞ்சல் முகவரி கசிந்தால் விளம்பரம் வந்து குவியும், அவ்வளவுதான். உரிமை அமைப்பின் தளத்திலிருந்து அதே முகவரி கசிந்தால், நீங்கள் எந்தப் பிரச்சினையில் யாருக்கு எதிராக நிற்கிறீர்கள் என்பதும் கூடவே போகும். 1950களில் அமெரிக்காவின் அலபாமா மாநில அரசு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. அமைப்பு மறுத்தது, நீதிமன்ற அவமதிப்பு என்று 1 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது, அப்போதும் பட்டியலைக் கொடுக்கவில்லை. 1958இல் உச்ச நீதிமன்றம் அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. இப்படிக் காப்பாற்ற வேண்டிய பட்டியலை ஓர் அமைப்பின் தளம் எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பதே இந்த மதிப்புரை. தளத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறோம். இதே மாதிரி மனு மென்பொருளைப் பல அமைப்புகள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகின்றன. இங்கே காணும் ஓட்டை இவர்களுடையது மட்டும் இல்லை.

சோதனைக்கு வேண்டியது ஒரு பிரவுசர் மட்டும். புதிய பிரைவேட் விண்டோவைத் திறந்து, எஃப்12 அழுத்தி, பக்கம் எந்தெந்த சர்வருக்குக் கோரிக்கை அனுப்புகிறது என்று காட்டும் நெட்வொர்க் டேபுக்குப் போய், அதன்பிறகே தள முகவரியை உள்ளிட வேண்டும். குக்கீ பேனரில் எதையும் தொடக் கூடாது. அனுமதி கேட்பதற்கு முன்பே என்னென்ன ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

முகப்புப் பக்கம் நன்றாகத் தேறுகிறது. போன கோரிக்கைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் அமைப்பின் சொந்த சர்வருக்கே. பார்வையாளர் கணக்குக்கு மட்டோமோ என்ற மென்பொருளைத் தங்கள் சர்வரிலேயே நிறுவியிருக்கிறார்கள். இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியின் கடைசி இரண்டு பகுதிகளை அழித்த பிறகே சேமிப்பதாகக் கொள்கைப் பக்கம் சொல்கிறது. 203.0.113.77 என்று வருபவர் 203.0.0.0 என்றே பதிவாவார். அழிப்பதை ஒரு பகுதியோடு நிறுத்தினால் 256 முகவரிகளுக்குள் ஆளைத் தேடிவிடலாம். இரண்டை அழித்தால் 65,536. யோசித்துச் செய்த வேலை. காணொளிகளும் படமாக மட்டுமே நிற்கின்றன, அழுத்தினால்தான் யூடியூபிலிருந்து இறங்குகின்றன. பேனரில் ‘மறுக்கிறேன்’ பொத்தானும் ‘ஏற்கிறேன்’ பொத்தானும் ஒரே அளவு, ஒரே நிறம்.

வெளியே போன அந்த ஒரு கோரிக்கை, எழுத்துருவுக்காக கூகுள் சர்வருக்குப் போனது. பக்கத்தைத் திறந்ததுமே வாசகரின் ஐபி முகவரி மூன்றாம் நபரிடம் சேர்கிறது. இதே காரணத்துக்காக 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, தளம் நடத்தியவரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. எழுத்துருக் கோப்பை இறக்கிச் சொந்த சர்வரில் போட்டால் தீர்ந்தது. ஏன் இன்னும் செய்யவில்லை என்பதுதான் புரியவில்லை.

இதுவரை எல்லாம் வாசல் அலங்காரம். உள்ளே, மனுப் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது.

படிவத்தில் நான்கு கட்டங்கள்: பெயர், மின்னஞ்சல், அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண். கடைசிக் கட்டம் கட்டாயமில்லை. ஆனால் அதைச் சொல்லும் எழுத்து, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் பதுங்கி இருக்கிறது. செய்திமடலுக்கான டிக் பெட்டி காலியாக இருப்பது சரி. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்றே பிளானட்49 வழக்கில் சொல்லிவிட்டது.

இனி ‘கையெழுத்திடு’ பொத்தான். அழுத்தியதும் நன்றிப் பக்கம் வருகிறது. முகவரிப் பட்டையைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்தின் முகவரி முடிந்து ஒரு கேள்விக்குறி, அதன்பின் மின்னஞ்சல் என்ற பொருள்தரும் சொல், ஒரு சமக்குறி, அதை ஒட்டி, இப்போதுதான் நாம் தட்டச்சு செய்த முகவரி, @ இருந்த இடத்தில் %40 என்ற வேஷத்தோடு, முழுசாக. அதை ஒட்டியே மனுவின் பெயரும் இருக்கிறது. இன்னார் இன்ன மனுவில் கையெழுத்திட்டார் என்பது ஒரே வரியில் எழுதி வைத்தாயிற்று.

ஏன் இப்படி? கையெழுத்திட்ட கையோடு நன்கொடை கேட்கும் படிவம் வருகிறது. அதில் மின்னஞ்சலை மறுபடி நிரப்பச் சொன்னால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்ற பயம். மின்னஞ்சல் முகவரியை யூஆர்எல் (பக்கத்தின் முகவரி) வழியாகக் கடத்தினால் அடுத்த படிவம் தானே நிரம்பிக்கொள்ளும். மனு மென்பொருளுக்கு இது சுலபமான வழி. விளைவு என்னவென்றால், அந்த வரி பிரவுசர் ஹிஸ்டரியில் உட்கார்கிறது, சர்வர் பதிவேட்டில் உட்கார்கிறது, ஐபியை அவ்வளவு அக்கறையோடு அழித்த அதே மட்டோமோவின் பக்கப் பட்டியலிலும் உட்கார்கிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. முகப்பில் இல்லாத மெட்டா பிக்சல், அதாவது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் கண்காணிப்பு ஸ்கிரிப்ட், இந்த நன்றிப் பக்கத்தில் ஓடுகிறது. பேனரில் மறுத்த பிறகும் ஓடுகிறது. டேக் மேனேஜர் (தளத்தில் வெளி ஸ்கிரிப்ட்களைச் சேர்க்கும் கருவி) வழியாகத் தனியே சேர்க்கப்பட்டிருப்பதால் பேனரின் கட்டுப்பாடு அதற்குப் பொருந்தவில்லை. விளம்பரப் பிரசாரத்துக்காக ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் எடுக்க மறந்தால் இப்படித்தான் தங்கிவிடும். நெட்வொர்க் டேபில் அந்தக் கோரிக்கையைச் சொடுக்கி அளவுருக்களைப் பிரித்தால், பக்கத்தின் முழு யூஆர்எல் அப்படியே மெட்டாவுக்குப் போவது தெரிகிறது, மின்னஞ்சல் முகவரி உட்பட.

இங்கே தொழில்நுட்பக் குழுக்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று பிரவுசர் வெளித்தளத்துக்குச் சொல்வது ரெஃபரர், அதில் எவ்வளவு சொல்லலாம் என்று வரையறுப்பது ரெஃபரர் பாலிசி. “ரெஃபரர் பாலிசி போட்டிருக்கிறோமே, வெளித்தளத்துக்கு டொமைன் பெயர் மட்டும்தானே போகும்?” என்பார்கள். 2020இல் குரோமும் 2021இல் ஃபயர்ஃபாக்ஸும் அதை இயல்புநிலையாகவே ஆக்கிவிட்டன, உண்மைதான். ஆனால் அது பிரவுசர் தானாக அனுப்பும் ரெஃபரர் தலைப்பை மட்டுமே வெட்டும். பிக்சல் என்பது பக்கத்துக்குள்ளேயே ஓடும் ஸ்கிரிப்ட். முகவரிப் பட்டையில் இருப்பதைத் தானே படித்து, தன் கோரிக்கைக்குள் வைத்து அனுப்புகிறது. ரெஃபரர் பாலிசி அதைத் தொடவே தொடாது. மின்னஞ்சலை ஹாஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றி) அனுப்பினால் போதும் என்பதும் சாக்குதான்: ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே ஹாஷ் வரும், மெட்டா தன்னிடம் உள்ள முகவரிகளையும் அதே எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறையில் மாற்றிப் பொருத்திப் பார்க்கத்தான் அந்த வசதியே.

பொறுப்பு மெட்டாவுடையது என்று அமைப்பு கை கழுவவும் முடியாது. 2019 ஜூலை 29 அன்று ஃபேஷன் ஐடி வழக்கில், ஃபேஸ்புக் லைக் பொத்தானைப் பதித்த தளமும் தகவல் சேகரிப்புக்குக் கூட்டுப் பொறுப்பு என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. மேலும் 2018 மே 25 முதல் நடப்பில் உள்ள, ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 9ஆம் பிரிவு, அரசியல் கருத்து, மத நம்பிக்கை, தொழிற்சங்க உறுப்பு ஆகியவற்றைத் தனி வகையாக ஒதுக்கிக் காக்கிறது. அரசியல், மத, தொழிற்சங்க நோக்குள்ள லாபநோக்கற்ற அமைப்புக்கு அதில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் உறுப்பினர், முன்னாள் உறுப்பினர், தொடர்ந்து தொடர்பில் இருப்போர் ஆகியோரின் தகவலுக்கு மட்டும், அதுவும் சம்மதமின்றி வெளியே கொடுக்காத வரைதான். ஒரு மனுவில் ஒரே ஒரு முறை கையெழுத்திட்டவர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பதே வாதத்துக்குரியது.

திருத்துவது பெரிய வேலை இல்லை. யூஆர்எல்லில் முகவரிக்குப் பதிலாக, சில நிமிடங்களில் காலாவதியாகும் அர்த்தமற்ற எழுத்துக்கோவை (டோக்கன்) ஒன்றை வைத்து, சர்வர் பக்கம் அதை முகவரியோடு பொருத்திக்கொள்ளலாம். பிக்சலை மனு, நன்றி, நன்கொடை ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். பழைய பதிவேடுகளில் ஏற்கெனவே தங்கிய முகவரிகளைக் கழுவுவதும் இதில் சேர்த்தி. அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

இன்னொரு குறை: கையெழுத்தை மின்னஞ்சல் வழி உறுதிசெய்யச் சொல்வதில்லை. உங்கள் முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் கையெழுத்திடலாம். உறுதிசெய்யும் லிங்க் வைத்தால் எண்ணிக்கை குறையும் என்று அமைப்புகள் தயங்குவது தெரிந்ததே. ஆனால் மனுவை வாங்கும் தரப்பு ‘போலிக் கையெழுத்து’ என்று தள்ளிவிட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. கையெழுத்துப் பட்டியல் கடைசியில் அந்த எதிர்த்தரப்பின் கைக்கே போய்ச் சேரும் என்பதையும் படிவத்தின் அருகிலேயே சொல்லியிருக்க வேண்டும். இங்கே அது கொள்கைப் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியமாகக் கிடக்கிறது: பெயரும் அஞ்சல் குறியீடும் ஒப்படைக்கப்படும், மின்னஞ்சல் ஒப்படைக்கப்படாது.

பணம் வாங்கும் விதத்தில் நன்கொடைப் பக்கம் குறை சொல்ல இடமில்லாதது. அட்டை எண் கட்டண நிறுவனத்தின் சட்டகத்துக்குள்ளேயே தட்டச்சாகிறது. அமைப்பின் சர்வர் அதைப் பார்ப்பதே இல்லை.

செய்திமடலில் வழக்கமான இரண்டும் உண்டு: ஒவ்வொரு லிங்கிலும் தனி அடையாள எண், மடலின் அடியில், அதைத் திறந்ததைக் காட்டிக்கொடுக்கும், 1x1 அளவில் கண்ணுக்குத் தெரியாத படம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் மெயில் படங்களை முன்கூட்டியே இறக்கும் வசதியைக் கொண்டுவந்த பிறகு ‘எத்தனை பேர் திறந்தார்கள்’ என்ற எண்ணே பொய்யாகிவிட்டது. பயனில்லாத எண்ணுக்காக ஏன் வேவு பார்க்க வேண்டும்? விலகுவது ஒரே சொடுக்கில் முடிகிறது. ஆனால் விலகுவதும் அழிப்பதும் வேறு வேறு: விலகினால் மடல் நிற்கும், மனுவில் உள்ள பெயர் அப்படியே இருக்கும். அழிக்கத் தனியாக எழுத வேண்டும்.

தகவல் நகல் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு, ஜிடிபிஆர் தரும் ஒரு மாதக் கெடுவுக்குள் பதில் வந்தது. அடையாள அட்டை நகல் கேட்காமல், பதிவான மின்னஞ்சலிலிருந்தே உறுதிசெய்யச் சொன்னது பாராட்டத்தக்கது. அட்டை நகல் கேட்பதும் ஒரு புதுச் சேகரிப்புதானே. கோப்பில் பெயர், மனு, தேதியோடு ‘ஆர்வ மதிப்பெண்’ என்று ஒரு பத்தியும் இருந்தது. கொள்கைப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதே பக்கத்தில் ‘நம்பகமான பங்காளிகள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பதையும் மாற்ற வேண்டும். 2020இல் நன்கொடையாளர் மென்பொருள் விற்கும் பிளாக்பாட் நிறுவனம், தகவலைப் பிடித்துவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானபோது, அதன் வாடிக்கையாளர்களான ஏராளமான தொண்டு நிறுவனங்களின் ஆதரவாளர் தகவல் பறிபோனது. அந்தப் பெயரையே கேள்விப்படாத ஆதரவாளர்கள்தான் அதில் அதிகம் இருந்திருப்பார்கள். பங்காளி யார், என்ன தகவல், எத்தனை நாள்: மூன்றையும் பெயரோடும் எண்ணோடும் எழுத வேண்டும். ‘தேவைப்படும் வரை’ என்பது கால அளவே இல்லை.

இப்போதைக்கு இந்தத் தளத்தில் கட்டுரைகளைப் படிக்கவும் நன்கொடைப் பக்கத்துக்கு நேராகப் போய்ப் பணம் அனுப்பவும் தயங்க வேண்டாம். மனுவில் கையெழுத்திடுவதானால் டிராக்கர் தடுப்பான் போட்ட பிரைவேட் விண்டோவில், இதற்கென்றே உருவாக்கிய மாற்று மின்னஞ்சலோடு, தொலைபேசிக் கட்டத்தைக் காலியாக விட்டு இடுங்கள். நன்றிப் பக்கத்தின் லிங்கை யாருக்கும் நகலெடுத்து அனுப்பாதீர்கள், உங்கள் முகவரியும் அதோடு போகும். பகிர வேண்டுமானால் கேள்விக்குறியிலிருந்து பின்னால் உள்ளதை வெட்டிவிட்டுப் பகிருங்கள்.