சூட்டோடு கொண்டாங்க என்று சொன்ன பட்டறை

என் வண்டி 2007 டாடா 207 டீசல் பிக்கப். கொல்லிமலையிலிருந்து வாழைத்தார், சீசனில் பலா ஏற்றுவேன். எட்டு மாதமாக அதற்கு ஒரு வியாதி. அடிவாரத்துக் காரவள்ளியில் ஜம்மென்று கிளம்பும். 70 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் ஒரு சிலிண்டர் விட்டுப்போன மாதிரி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்துவிடும். மலைமேல் செம்மேட்டில் நியூட்ரலில் நிறுத்தினால் டேஷ்போர்டு பிள்ளையார் சாமியாடுவார். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

இரண்டு பட்டறை பார்த்தாயிற்று. ஒன்றில் சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சும் நாசில் நான்கையும் மாற்றினார்கள், இன்னொன்றில் டீசல் பம்பைக் கழற்றி காலிப்ரேஷன். 23,000 ரூபாய் போனதுதான் மிச்சம். இரண்டு இடத்திலும் வண்டியை ராத்திரி விட்டுப் போகச் சொல்லி, காலையில் ஆறிக் கிடந்த இஞ்சினைத்தான் பார்த்தார்கள். எனக்கும் அது அப்போது உறைக்கவில்லை.

அப்புறம் நாமக்கல்லில் சேந்தமங்கலம் ரோட்டில் இருக்கும் தகரக் கொட்டகை பட்டறையைச் சொன்னார்கள். போர்டுகூடக் கிடையாது. ஒரு அண்ணன், ஒரு பையன், அவ்வளவுதான். ஃபோனில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "சூட்டுலயா, ஆறினப்பவா?" சூட்டில் என்றதும், "அப்ப மலையிறங்கினதும் எங்கியும் நிறுத்தாம நேரா கொண்டாங்க" என்றார்.

போனதும் இஞ்சினை அணைக்க விடவில்லை. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தி இறுக்கினார். ஒன்று, இரண்டு, நான்கு, தளர்த்தியபோதெல்லாம் இஞ்சின் தொய்ந்தது. மூன்றாவதில் சத்தம் துளிகூட மாறவில்லை. ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் என்ன மாறப் போகிறது?

உடனே நாசிலைக் குறை சொல்லவில்லை. மூன்றாவது நாசிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டினார். கோளாறு மூன்றாவதிலேயே நின்றது. நாசில் கழற்றிய ஓட்டையில், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்தார். மற்றவற்றில் முள் 26-க்கு மேல் ஏற, மூன்றாவதில் 19-ஐத் தாண்டவில்லை. இஞ்சின் மேல் இருக்கும் டாப்பெட் கவரைத் திறந்தால், அந்தச் சிலிண்டரின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. சூடானதும் வால்வு நீண்டு, சீட்டில் முழுசாக உட்காராமல் கம்ப்ரெஷன் கசிந்திருக்கிறது. ஆறினால் தானாக மூடிக்கொள்ளும்.

அந்த இடைவெளியை, அதாவது டாப்பெட்டை, அப்போதே சரியாக வைக்க மாட்டேன் என்றார். இஞ்சின் நன்றாக ஆற வேண்டுமாம். நான்கு மணி நேரம், மூன்று டீ. உட்கார ஒரு கவிழ்த்த ஆயில் டின் மட்டும் உண்டு. கூலி 700 ரூபாய், கவர் பேக்கிங் 150.

குறையும் இருக்கிறது. பில் கேட்டால் சிரிக்கிறார். பாதி நேரம் ஃபோன் எடுப்பதில்லை. அமாவாசைக்குக் கடை கிடையாது. நான்கு சக்கர மெக்கானிக் வேலை எல்லாம் செய்வார் என்று நினைத்துப் போகாதீர்கள், இஞ்சினோடு சரி. கிளட்ச், பிரேக் என்றால் பக்கத்துக் கடையைக் கை காட்டுவார்.

"சீட்டு தேஞ்சிருக்கு, இது மறுபடியும் டைட் ஆனா ஹெட்டை இறக்கணும், 1,000 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். போன வாரம் போனேன். கவரைத் திறந்து தகடை விட்டுப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு நுழைந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை.